உறைபனி வானிலிருந்து விழுவதில்லை

தை மாதத்துக் காலையில் உதகமண்டலத்தின் குதிரைப் பந்தய மைதானத்தையோ தலைகுந்தாவின் புல்வெளியையோ பார்க்கிறவர், உப்பைத் தூவியதுபோல் தரை வெளுத்துக் கிடப்பதைக் கண்டதும் "ராத்திரி நல்ல பனி விழுந்திருக்கு" என்றுதான் சொல்வார். மலையில் பிறந்து வளர்ந்த நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம். செய்தித்தாள்கள் இன்னும் ஒரு படி மேலே போய், ஊட்டியில் பனிப்பொழிவு என்றும் காஷ்மீர்போல் காட்சியளிக்கிறது என்றும் எழுதுகின்றன. பேச்சுக்கு அது போதும். ஆனால் 'விழுகிறது' என்ற அந்த ஒரு வினைச்சொல், தேயிலையும் கேரட்டும் பயிரிடுகிறவர்களை ஆண்டுதோறும் தவறான வாசலில் காவலுக்கு நிறுத்திவிடுகிறது. மேலிருந்து ஏதோ வந்து விழுவதாக நம்புகிறவர், வருவதைத் தடுக்கத்தான் வழி தேடுவார். உறைபனி இரவில் எதுவும் வருவதில்லை. நம் நிலத்திலிருந்து வெப்பம் வெளியேறிப் போகிறது. வெள்ளையாகத் தெரிவது அந்தப் போக்கின் அடையாளம் மட்டுமே.

இதைப் புரிந்துகொண்டால், பக்கத்துத் தோட்டம் கருகியபோது நம் தோட்டம் ஏன் தப்பியது, செடியை மூடுவது ஏன் பலன் தருகிறது, புகை போடுவது ஏன் பெரும்பாலும் வீணாகிறது, காலை வேலையை எந்தச் சரிவில் தொடங்குவது என்பன போன்ற கேள்விகளுக்கு ஒரே இடத்திலிருந்து விடை கிடைக்கும். எனக்குத் தெரிந்தவரை எளிமையாக அதை விளக்க முயல்கிறேன்.

பனி என்ற ஒரே சொல்

குழப்பத்தின் வேர் சொல்லிலேயே இருக்கிறது. தமிழில் பனி என்ற சொல்லுக்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு நிகழ்ச்சிகள் அடங்கியிருக்கின்றன. காலையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி பனித்துளி. மலைப்பாதையில் எதிரே வரும் பேருந்தின் விளக்கை மறைப்பது மூடுபனி. தரையைத் தொட்டு நிற்கும் மேகமே அது. மேகத்துக்குள்ளேயே நீராவி படிகமாகி, கரையாமல் தரைவரை வந்து விழுவது வெண்பனி. இமயமலையில் பெய்வது இதுதான். நான்காவது, நாம் பேச வந்த உறைபனி. காற்றில் கலந்திருக்கும் நீராவி, 0 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிர்ந்துவிட்ட புல், இலை, தகரம், வண்டிக் கண்ணாடி முதலிய பரப்புகளின்மேல் அங்கேயே பனிக்கட்டியாகப் படிவதை உறைபனி என்கிறோம்.

இந்த நான்கில் வானிலிருந்து விழுவது வெண்பனி மட்டும். நீலகிரியிலும் பழனி மலையிலும் குளிர்காலக் காலைகளில் நாம் காண்பது வெண்பனி அன்று. கோடை மழையில் ஆலங்கட்டி விழுந்து தேயிலைச் சரிவு வெளுத்துப்போவது உண்டு. அது இடிமேகத்தின் வேலை, அதற்கும் இந்தக் கட்டுரைக்கும் தொடர்பில்லை.

அடுப்பின் முன்னே ஒரு பாடம்

குளிர்கால மாலையில் விறகடுப்பின் முன் அமர்ந்திருப்பவருக்கு முகம் சுடும், முதுகு சில்லென்றிருக்கும். அடுப்பின் சூடான காற்று மேலே ஏறிப் புகைபோக்கி வழியே போய்விடுகிறது என்பதால், முகத்தைச் சுடுவது அந்தக் காற்றாக இருக்க முடியாது. இடையே யாராவது வந்து நின்றால் அந்தக் கணமே சூடு நின்றுவிடுகிறது. அவர் விலகினால் அந்தக் கணமே திரும்பி வருகிறது. ஒளியைப் போல நேர்கோட்டில், காற்றின் உதவியின்றிப் பாயும் இவ்வகை வெப்பப் பரவலுக்குக் கதிர்வீச்சு என்று பெயர்.

நெருப்பு மட்டுமே கதிர்வீச்சு விடுவதாக நினைக்க வேண்டியதில்லை. பகலெல்லாம் வெயில் வாங்கிய கருங்கல் சுவருக்கு அருகில், பொழுது சாய்ந்த பிறகு உள்ளங்கையைக் கொண்டுபோனால் தொடாமலேயே அதன் வெம்மை தெரியும். மண்ணும் செடியும் கூரையும் இதே வேலையை இடைவிடாமல் செய்துகொண்டிருக்கின்றன. அவற்றின் கதிர்வீச்சு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. பகலில் சூரியனிடமிருந்து வரவு, வானத்தை நோக்கிச் செலவு என்று இரண்டும் நடக்கின்றன. பொழுது சாய்ந்ததும் வரவு நின்றுபோகிறது, செலவு மட்டும் விடியும்வரை ஓயாமல் தொடர்கிறது.

செலவாகும் வெப்பத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்பதை வானம் தீர்மானிக்கிறது. மேகம் மூடியிருந்தால் அது தரையின் கதிர்வீச்சை வாங்கித் தானும் கீழ்நோக்கிக் கதிர்வீச்சு அனுப்புகிறது. கொதித்த பாலின்மேல் தட்டை மூடி வைத்தாற்போல் தரை மெதுவாகவே ஆறுகிறது. காற்றிலுள்ள நீராவியும் ஓரளவு அதே உதவியைச் செய்கிறது. மேகமும் இல்லாமல் காற்றும் வறண்டிருக்கிற இரவில், தட்டில்லாத பாத்திரம்போல் நிலம் வேகமாகக் குளிர்கிறது. இரவில் நட்சத்திரங்கள் கூர்மையாகத் தெரிந்தால் மறுநாள் உறைபனி என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான் சரியாக அமைகிறது.

இதற்கு எளிதான சாட்சி ஒன்று உண்டு. ஒரே தெருவில், திறந்த வெளியில் நிறுத்திய வாகனத்தின் கண்ணாடியில் உறைபனி கனமாகப் படிந்திருக்கும். அடர்ந்த மரத்தடியில் நிறுத்தியதில் இருக்காது. மரம் எதையும் மேலிருந்து விழாமல் தடுக்கவில்லை. கண்ணாடியிலிருந்து போகும் வெப்பத்துக்கு ஈடாகக் கிளைகளும் இலைகளும் கீழ்நோக்கி வெப்பம் அனுப்பியதால் கண்ணாடி உறையும் அளவுக்குக் குளிரவில்லை.

பனித்துளியும் விழுவதாகத்தான் உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ், இரவு இரவாகத் தோட்டத்தில் கம்பளித் துணுக்குகளை வைத்து, அவற்றில் சேர்ந்த ஈரத்தை எடைபோட்டு, 1814இல் தம் முடிவை வெளியிட்டார். அடியும் முடியும் திறந்த ஒரு மண் உருளையைப் புல்லின்மேல் செங்குத்தாக நிறுத்தி, அதனுள் ஒரு துணுக்கையும் வெளியே ஒரு துணுக்கையும் அவர் வைத்துப் பார்த்தார். மழைபோல் நேராக விழுவதாக இருந்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஈரம் சேர்ந்திருக்க வேண்டும். உருளைக்குள் இருந்ததில் மிகக் குறைவாகவே சேர்ந்தது. வானத்தின் பெரும்பகுதியை உருளையின் சுவர் மறைத்ததால் அந்தக் கம்பளி போதுமான அளவு குளிரவில்லை என்பதே அதற்குக் காரணம்.

இதுவரை சொன்னதன் சாரம் இது: தெளிந்த வானத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும் பொருள் வெப்பத்தை இழக்கிறது; எவ்வளவு வானத்தைப் பார்க்கிறதோ அவ்வளவு இழக்கிறது.

எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறம்

குளிர்ந்த நீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறத்தில் வியர்வைபோல் நீர் அரும்புவதைப் பார்க்காதவர் இல்லை. அந்த நீர் டம்ளருக்குள்ளிருந்து கசியவில்லை. சுற்றியுள்ள காற்றின் நீராவி, குளிர்ந்த பரப்பைத் தொட்டு நீரானது. எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள நீராவி நீராகத் தொடங்குமோ, அதைப் பனிநிலை என்பார்கள். காற்று ஈரமாக இருந்தால் பனிநிலை உயர்ந்திருக்கும்; வறண்டிருந்தால் தாழ்ந்திருக்கும்.

இரவில் குளிரும் இலையும் அந்த டம்ளரைப் போன்றதே. பனிநிலை 0 டிகிரிக்கு மேலே இருந்தால் முதலில் இலையில் பனித்துளி அரும்பும். பிறகும் குளிர்ந்துகொண்டே போனால் அந்தத் துளி உறையும். பனிநிலை 0 டிகிரிக்குக் கீழே இருந்தால், நீராவி நீராக மாறாமல் நேரடியாகவே பனிப்படிகமாகப் படியும். நுண்ணிய ஊசிகளாகவும் இறகுகளாகவும் புல்லின் விளிம்பில் நிற்பது இந்த இரண்டாம் வகை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நீராவி நீராகும்போதும், நீர் பனிக்கட்டியாகும்போதும், தன்னுள் வைத்திருந்த வெப்பத்தை வெளிவிடுகின்றன. ஆகவே காற்றில் ஈரம் இருக்கும் இரவில் பனித்துளி உருவாவதே இலை மேலும் குளிர்வதைத் தாமதப்படுத்துகிறது. மிகவும் வறண்ட இரவில் அந்தத் தடையும் இல்லை. அத்தகைய இரவுகளில் வெள்ளைப் படிவு துளியும் தெரியாமல், செடி மட்டும் வெந்ததுபோல் கறுத்து நிற்பது உண்டு. இதைக் கருப்பு உறைபனி என்கிறார்கள். "பனியே இல்லையே, எப்படிக் கருகியது? யாராவது மருந்தடித்துவிட்டார்களா?" என்று அண்டை வீட்டார்மேல் சந்தேகம் எழும் அளவுக்குப் போன பேச்சை நானே கேட்டிருக்கிறேன். கருகச் செய்தது குளிர். வெண்மை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதன் வேலை ஒன்றுதான்.

4 டிகிரி இருக்கும்போது எப்படி உறையும்?

"நேற்று குறைந்தபட்சம் 4 டிகிரி என்றுதானே சொன்னார்கள், பிறகு எப்படித் தண்ணீர் உறைந்தது?" என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. வானிலை நிலையத்தின் வெப்பமானி, காற்றோட்டமுள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து சுமார் நான்கடி உயரத்தில் இருக்கிறது. அது அளப்பது அந்த உயரத்துக் காற்றை. வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும் புல்லும் இலையும், காற்றசைவில்லாத தெளிந்த இரவில், அந்தக் காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். அறிக்கையில் 4 என்று இருக்கும் இரவிலும் புல்நுனி 0 டிகிரிக்குக் கீழே போயிருக்கலாம்.

இயந்திரக் குளிர்பதனம் வருவதற்கு முன்பு வட இந்தியர்கள் இதே உண்மையை வைத்துப் பனிக்கட்டி செய்தார்கள். ஆழமில்லாத குழிகளில் காய்ந்த கரும்புச் சக்கையையும் வைக்கோலையும் பரப்பி, அதன்மேல் சிறிய மண்தட்டுகளில் நீர் ஊற்றி, தெளிந்த குளிர்கால இரவில் திறந்த வானத்தின்கீழ் விட்டுவிடுவார்கள். காற்று உறைநிலையைத் தொடாத இரவிலும் விடியலில் தட்டில் பனிக்கட்டி இருக்கும். அலகாபாத்தில் நடந்த இந்தத் தொழிலை ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் 1775இல் பதிவு செய்திருக்கிறார். தட்டின் அடியில் வைக்கோல் எதற்கு என்பதை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும்: நிலத்தின் வெப்பம் மேலேறி நீரைக் காப்பாற்றிவிடாமல் தடுப்பதற்காக. கேரட் பாத்தியில் நாம் செய்யும் ஒரு தவறு இதே வைக்கோலில்தான் இருக்கிறது; பின்னர் அதற்கு வருகிறேன்.

சிறுதோட்டம் வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை, ஒரு சாதாரண வெப்பமானியைச் செடியின் உயரத்தில், கூரையில்லாத இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது. நகரத்தின் அளவீட்டுக்கும் நம் பள்ளத்தின் அளவீட்டுக்கும் எவ்வளவு வேறுபாடு என்று ஒரு பருவம் குறித்து வைத்துக்கொண்டால், அறிக்கையைக் கேட்டே அன்றிரவை ஊகிக்கலாம்.

குளிர்ந்த காற்று தண்ணீரைப் போன்றது

உயரம் கூடக்கூடக் காற்று குளிர்கிறது. 1,000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி என்பது பொதுக் கணக்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்து உதகைக்கு வருகிறவர் ஸ்வெட்டரைத் தேடுவதற்கு இதுவே காரணம். அப்படியானால் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவின் முகட்டில்தான் உறைபனி மிகுதியாக இருக்க வேண்டும். ஆனால் நாம் காண்பது வேறு: குதிரைப் பந்தய மைதானம், காந்தல், தலைகுந்தா, அவலாஞ்சி என்று பள்ளங்களிலும் சமதளங்களிலும்தான் தரை வெளுக்கிறது. கொடைக்கானலிலும் ஏரியை ஒட்டிய தாழ்ந்த மைதானத்தில்தான் முதலில் தெரிகிறது.

குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இருக்கும் தரை குளிரும்போது, அதை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலமும் குளிர்ந்து, கனத்து, தண்ணீர்போல் சரிவு வழியே மெதுவாக இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. அது விட்டுச்சென்ற இடத்தை மேலிருந்து சற்று வெம்மையான காற்று நிரப்புகிறது. வழக்கமாக மேலே குளிரும் கீழே வெம்மையுமாக இருக்க வேண்டிய காற்று இப்படித் தலைகீழாக அடுக்கப்படுவதை வெப்பநிலைத் தலைகீழ்மாற்றம் என்பார்கள். விடியற்காலையில் பள்ளத்திலிருந்து எழும் அடுப்புப் புகை ஓர் உயரத்துக்கு மேல் ஏறாமல், பலகை வைத்தாற்போல் படுத்துப் பரவுவதைக் கண்டிருப்பீர்கள். அந்தப் புகைத்தளம்தான் குளிர்க்குளத்தின் மேல்மட்டம்.

காற்று வீசினால் இந்த அடுக்கு கலைந்துவிடும். மேலிருக்கும் வெம்மை கீழே கலக்கும். முகட்டில் காற்று ஓயாமல் அடிப்பதால் அங்கே உறைபனி குறைவு. குன்னூர் 1,850 மீட்டர் அளவில் தாழ்ந்திருப்பதோடு, சமவெளியைப் பார்த்த சரிவில் இருப்பதால் குளிர்காற்று அங்கே தங்காமல் வழிந்துபோகிறது. மூடுபனியும் அதற்கு அடிக்கடி போர்வையாகிறது.

தோட்டத்திலும் இதே கணக்கைப் போடலாம். சரிவில் அமைந்த கேரட் நிலத்தின் கீழ்வரப்பில் அடர்ந்த வேலியோ சுவரோ இருந்தால், இறங்கி வரும் குளிர்காற்று அணையில் நீர் தேங்குவதுபோல் அங்கே தேங்கும். கடைசி நான்கைந்து பாத்திகள் மட்டும் ஆண்டுதோறும் கருகுகின்றன என்றால், முதலில் அந்த வேலியைப் பாருங்கள். அதில் இடைவெளி விட்டாலே காற்று கடந்துபோகும். மேல்வரப்பில் இருக்கும் வேலியோ நன்மை செய்கிறது; மேலிருந்து வரும் குளிர்காற்றை அது பக்கவாட்டில் திருப்பிவிடும்.

ஏன் தையும் மாசியும்?

"தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்ற பழமொழி சமவெளியிலும் வழங்குகிறது. இரவு நீளமாக இருப்பதால் குளிர் மிகுகிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். நீலகிரி நிலநடுக்கோட்டுக்கு அருகில், சுமார் 11 பாகை வடக்கில் இருப்பதால், ஆண்டின் மிகக் குறுகிய பகலும் இங்கே ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம் நீடிக்கிறது. இரவின் நீளம் மட்டுமே காரணமாக இருந்தால் டிசம்பர் பிற்பகுதிதான் உச்சமாக வேண்டும். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் மேகமும் ஈரமும் மலைக்குப் போர்வையாக இருக்கின்றன. நவம்பரிலேயே இடையிடையே வானம் வெளுத்து உறைபனி தலைகாட்டுவதும், வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானதும் அது மறைந்துபோவதும் இதனால்தான். பருவமழை விடைபெற்று வறண்ட காற்றும் தெளிந்த வானமும் நிலைக்கும் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் தரை தடையின்றி வெப்பத்தை இழக்கிறது. பழமொழி, நாட்காட்டியைக் காட்டிலும் வானத்தை நன்றாகப் பார்த்திருக்கிறது.

இலைக்குள் நடப்பது

உறைபனி படிந்த இலை விடியும்போது பச்சையாகவே இருக்கும். வெயில் பட்டு மணிக்கணக்கில்தான் அது தளர்ந்து, பழுப்பாகி, கருகும். அதனால் "வெயில்தான் கருக்கிவிட்டது" என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும் சேதம் இரவிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. வெயில் அதை வெளிக்காட்டுகிறது. இலையின் திசு, செல்கள் எனப்படும் நுண்ணறைகளால் ஆனது. அந்த அறைகளுக்கு இடையிலுள்ள நீர் முதலில் உறைகிறது. உருவான பனிக்கட்டி, அறைகளுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுத்துக்கொள்கிறது. நீரிழந்த அறையின் மெல்லிய உறை சுருங்கிக் கிழிகிறது. கரையும்போது உள்ளிருந்த சாறு ஒழுகிவிடுகிறது. கொதிநீர் ஊற்றியதுபோல் இலை தொய்ந்து தெரிவது அதன் விளைவு.

சர்க்கரை கரைந்த நீர், தூய நீரைவிடத் தாழ்ந்த வெப்பநிலையில்தான் உறையும். குளிரில் வளரும் கேரட் தன்னுள் சர்க்கரையைக் கூட்டிக்கொள்வதால் அது தாக்குப்பிடிக்கிறது. நமக்கு இனிப்பாகவும் இருக்கிறது. அதன் கிழங்கு மண்ணுக்குள் இருப்பதும் ஒரு காப்பு. முட்டைக்கோசு இலேசான உறைபனியைத் தாங்கும். உருளைக்கிழங்கின் தழையும் பீன்ஸும் தாங்கமாட்டா. தேயிலையில் முற்றிய இலை ஓரளவு நிற்கும், இளங்கொழுந்து முதலில் போகும். கருகிய கிளையைக் கண்டதும் கவாத்து செய்துவிட வேண்டும் என்று கை பரபரக்கும். பருவம் முடியுமுன் வெட்டினால் புதிதாய்த் துளிர்ப்பது அடுத்த உறைபனிக்கு இரையாகும் என்பதால் பொறுத்திருப்பதே நல்லது.

காக்கும் வழிகள்

செடியின்மேல் பெரணித் தழையோ, காய்ந்த புல்லோ, சாக்கோ, வலையோ போர்த்துவது பழைய முறை, சரியான முறை. இதைக் குடையாக எண்ணாமல் கம்பளியாக எண்ண வேண்டும். குடை என்று எண்ணுகிறவர் உச்சியை மட்டும் மூடுவார். கம்பளி என்று அறிந்தவர், மண்ணிலிருந்து மேலேறும் வெம்மை உள்ளேயே தங்கும்படி பக்கங்களையும் தரைவரை இறக்கிவிடுவார். மாலையில் தரை முழுவதும் ஆறுவதற்கு முன்பே மூடுவதும், காலையில் வெயில் ஏறியதும் திறப்பதும் அவசியம். சோலைக்காட்டின் நாற்றுகள் மரநிழலுக்குள் பிழைத்து, அருகிலுள்ள திறந்த புல்வெளியில் பிழைக்காமல் போவதற்கான காரணங்களுள் உறைபனியும் ஒன்று. காடு தன் கன்றுகளை இப்படித்தான் மூடி வளர்க்கிறது.

இப்போது அந்த வைக்கோலுக்கு வருவோம். செடியின்மேல் போர்த்தினால் காக்கும் அதே காய்ந்த புல்லை, செடிகளுக்கு அடியில் மண்ணின்மேல் கனமாகப் பரப்பினால் கேடு விளைகிறது. அலகாபாத்தின் மண்தட்டுக்கு நேர்ந்ததே செடிக்கும் நேர்கிறது. நிலத்தின் வெம்மை மேலேற வழியின்றிச் செடி தனியே குளிர்கிறது. களை மூடிய தரையும், புதிதாய்க் கொத்திப் பொலபொலவென்று காய்ந்து கிடக்கும் மண்ணும் இதே தீங்கைச் செய்கின்றன. ஈரமாய் இறுகிய மண் பகல் வெப்பத்தை ஆழத்தில் சேமித்து இரவில் திருப்பித் தரும். ஆகவே உறைபனி எதிர்பார்க்கும் வாரத்தில் கொத்து வேலையைத் தள்ளிவைத்து, முதல் நாள் பகலிலேயே நிலத்துக்கு நீர் பாய்ச்சுவது பயன் தரும்.

ஸ்பிரிங்லர் பற்றித்தான் மிகுந்த குழப்பம் நிலவுகிறது. "பனியைக் கழுவிவிட வேண்டும்" என்று அதிகாலையில் பத்து நிமிடம் நீர் தெளித்து நிறுத்திவிடுகிறார்கள். நீர் காப்பாற்றுவது கழுவுவதால் அன்று, உறைவதால். ஒரு கிராம் நீர் உறையும்போது சுமார் 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுகிறது. அது இலையை 0 டிகிரியை ஒட்டியே நிறுத்தி வைக்கிறது. ஆனால் அதே ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 600 கலோரி தேவை. அதை இலையிடமிருந்துதான் அது எடுக்கும். தெளிப்பை இடையில் நிறுத்தினால், ஈர இலையில் ஆவியாதல் மேலோங்கி, நனைக்காத இலையைவிட அது அதிகம் குளிரும். எனவே வெப்பநிலை 0 டிகிரிக்கு இறங்கும் முன் தொடங்கி, வெயில் ஏறிப் பனிக்கட்டி தானாகக் கரையும்வரை விடாமல் தெளிக்க வேண்டும். அத்தனை நேரத்துக்கு நீரும் மின்சாரமும் இல்லையென்றால் தொடங்காமல் இருப்பதே மேல். அந்த நீரை முதல் நாள் பகலில் மண்ணுக்குக் கொடுத்துவிடலாம்.

புகை மூட்டம் போடுவது பற்றியும் ஒரு வார்த்தை. விறகுப் புகையின் துகள்கள் மிக நுண்ணியவை. தரையின் வெப்பக் கதிர்வீச்சை அவை மேகம்போல் தடுப்பதில்லை. பயன் ஏதேனும் இருந்தால் அது தீயின் வெப்பத்தால் வருவது. அதிலும் ஒரே பெருந்தீ மூட்டினால் சூடான காற்று குளிர்க்குளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போய்விடும். சிறு தீக்கள் பலவாக இருந்தால்தான் ஓரளவு கீழே கலக்கும். உறைபனியில் கருகிய புல் பிப்ரவரியில் எளிதில் தீப்பற்றும் என்பதை நினைத்தால், காட்டோரத் தோட்டங்களில் இந்த முறையை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

சுருங்கச் சொன்னால், செடியை மேலே மூடு, அடியிலுள்ள மண்ணை மூடாதே, அதை நனைத்து வை. தெளிப்பதானால் முடியும்வரை தெளி.

வேலை நேரமும் நம் உடலும்

இரவின் செலவு விடியலோடு நின்றுவிடுவதில்லை. சூரியன் எழுந்தும் சிறிது நேரம்வரை அதன் வரவு தரையின் இழப்பை ஈடுசெய்யாது. அதனால் மிகக் குளிர்ந்த நேரம் பொழுது விடிந்த சற்றைக்குப் பின்னரே அமைகிறது. கொழுந்து பறிக்க அந்நேரத்தில் இறங்குவதால் இழப்பு செடிக்கும் ஆளுக்கும்தான். உறைந்த இலை கண்ணாடிபோல் முறியும். வெளுத்த புல்லில் நடந்த காலடிகள் பிறகு கறுத்துத் தெரிவதைப் பார்த்தாலே புரியும். கிழக்கு நோக்கிய சரிவில் வெயில் முதலில் விழுகிறது. அங்கே தொடங்கி, மேற்குச் சரிவையும் பள்ளத்தையும் பிற்பகுதிக்கு வைத்துக்கொண்டால், மொத்த வேலையும் குறையாது, ஆட்களும் வாடமாட்டார்கள். சந்தைக்கு லாரி போக வேண்டும் என்பதற்காக விடியுமுன் கேரட் பிடுங்குகிற இடங்களில் இந்த வசதி கிடைப்பதில்லை. அங்கே வேலை செய்கிறவர்களுக்குத் தேவையானதைத் தருவது தோட்டக்காரரின் கடமை என்று நான் கருதுகிறேன்.

என்ன தேவை என்பதையும் இதே வெப்பக் கணக்கே சொல்கிறது. மனித உடலும் வானத்தை நோக்கி வெப்பத்தை இழக்கும் ஒரு பொருள். அதோடு காற்று, ஈரம், குளிர்ந்த தரையைத் தொடுதல் என்ற மூன்று வழிகளிலும் அது இழக்கிறது. கம்பளியோ ஸ்வெட்டரோ சூட்டை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கிடையே காற்றைப் பிடித்து வைத்து உடலின் சூட்டைத் தங்கச் செய்கிறது. ஒரே கனமான உடையைவிட இரண்டு மூன்று மெல்லிய அடுக்குகள் மேலானவை. நனைந்த பருத்தித் துணி அந்தக் காற்றை இழந்துவிடுவதால், பனித்துளி நிறைந்த தேயிலைக்குள் இறங்குகிறவர் இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் படுதா, ஸ்வெட்டருக்குச் சமமான குளிர்காப்பு. ரப்பர் காலணியும் மாற்றுக் காலுறையும் அதே வரிசையில் வருபவை.

குளிரில் உடல், நடுப்பகுதியைக் காக்கக் கைகால்களின் இரத்த ஓட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது. விரல் விறைத்து, பிடியும் உணர்வும் குறைந்த நிலையில் அரிவாளையோ கொழுந்து வெட்டும் கத்தரியையோ கையாளும்போது காயம் எளிதில் நேர்கிறது, பட்டதும் தெரியாது. வேலை தொடங்குமுன் வெந்நீரில் கையைச் சூடாக்கிக்கொள்ளவும், இடையே சூடான கஞ்சியோ தேநீரோ அருந்தவும் நேரம் ஒதுக்குவது வேலையின் ஒரு பகுதியே. "ஒரு மடக்கு போட்டால் குளிர் தெரியாது" என்பது ஆபத்தான சொல். மது, தோலின் இரத்தக் குழாய்களை விரித்துவிடுகிறது. உள்ளே இருந்த சூடு தோலுக்கு வந்து அங்கிருந்து வெளியேறுகிறது. சூடாக உணர்கிற அந்த நேரத்தில்தான் உடல் வேகமாகக் குளிர்ந்துகொண்டிருக்கிறது.

வேலை முடிந்து திரும்பும் அறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதுவரை வெப்பம் வெளியேறாமல் மூடுங்கள் என்றே சொல்லி வந்தேன். கரி எரியும் அறைக்கு மட்டும் அது பொருந்தாது. காற்றோட்டமில்லாத இடத்தில் கரி முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவை வெளிவிடுகிறது. அதற்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் என்று தொடங்கி, தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடுவார். புகை அடங்கித் தணலாகிவிட்டால் பயமில்லை என்று நினைப்பது பெருந்தவறு. தணலிலிருந்தும் அந்த வாயு வந்துகொண்டேதான் இருக்கும். சமவெளியிலிருந்து பருவ வேலைக்கு வந்து தகரக் கொட்டகையில் தங்குகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. முதல் நாளே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்: படுக்குமுன் கரிச்சட்டியை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும், குளிருக்கு இன்னொரு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கம்பளியையும் அன்றே கொடுத்துவிடுங்கள்.